காந்த வளையம் கோர்த்தால் ஸ்பீக்கர் சத்தம் மாறுமா? எனக்குக் கேட்டது நிஜமா?

திருவான்மியூர்_ரசிகன்:

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன். இப்போது ஒரு குழப்பம். சிரிப்பதாக இருந்தால் முழுக்கப் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

என்னிடம் இருப்பது பெரிய செட் இல்லை. 40 வாட் ஸ்டீரியோ ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), அலமாரித் தட்டில் வைக்கிற அளவில் ஒரு ஜோடி ஸ்பீக்கர், சிடி பிளேயர், அப்பா விட்டுப்போன கேசட் டெக். 12க்கு 10 அறை. ஸ்பீக்கருக்கு ஒயர் மாட்டி 11 வருடம் ஆகிறது, அதற்கப்புறம் பின்பக்கம் கை போனதே இல்லை, தூசி தட்டுவதோடு சரி.

சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் நாலு பேர் யார் வீட்டிலாவது கூடிப் பாட்டுக் கேட்போம். போன வாரம் எங்களில் மூத்தவர் ஒரு வெல்வெட் பெட்டியோடு வந்தார். உள்ளே எட்டு நியோடிமியம் காந்த வளையங்கள், பளபளவென்று நிக்கல் பூச்சு, நடுவில் சுண்டுவிரல் நுழைகிற துளை. விலை 9,500 ரூபாய். சிவப்பு ஒயருக்கு இரண்டு, கறுப்புக்கு இரண்டு என்று ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் நாலு கோர்க்க வேண்டும், வடதுருவம் ஸ்பீக்கரைப் பார்த்து இருக்க வேண்டும். பெட்டியோடு வந்த தாளில் எலக்ட்ரான் ஓட்டத்தை ஒழுங்குபடுத்துகிறது என்று போட்டிருந்தது. நான் படித்தது பி.காம். எலக்ட்ரான் இத்தனை நாள் ஒழுங்கில்லாமல் ஓடிக்கொண்டிருந்ததா என்பது எனக்குத் தெரியாது.

கோர்த்தோம், போட்டுக் கேட்டோம். பிரச்சினை என்னவென்றால், வித்தியாசம் தெரிந்தது! நூறு தடவையாவது கேட்ட ஒரு கச்சேரி ரெக்கார்டிங். மிருதங்கத்தின் தொப்பி (இடது பக்கம்) இத்தனை நாளும் பொம்மென்று பரவி மெதுவாகத்தான் அடங்கும், இப்போது ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழுகிறது. பாடுகிற அம்மாவின் குரல் சரியாக நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது. நாங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்றே தெரியாத என் மனைவி அடுக்களையிலிருந்து, "என்ன, இன்னிக்கு நல்லா கேக்குதே?" என்றாள்.

ஆபீஸில் சொன்னால் சிரிக்கிறார்கள். காந்தம் உண்மையிலேயே வேலை செய்கிறதா? அண்ணன் பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொள்வதற்குள் நானும் ஒன்றுக்குச் சொல்லிவிடலாமா?

வெண்கல_ஒலி:

அந்த வெல்வெட் பெட்டிக்காரன் நான்தான். இங்கே வந்து கேட்பாய் என்று தெரியும் தம்பி. இனி ஃபார்முலாவோடு வரிசையாக வருவார்கள், பார்த்துக்கொண்டே இரு.

அவர்கள் வருவதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1982-இல் சிடி வந்தபோது இதற்கு மேல் சுத்தமான ஒலி கிடையாது என்று அடித்துச் சொன்னார்கள். என்னைப் போன்ற பலர் ஏதோ கரகரவென்று இருக்கிறதே என்றோம், பிரமை என்றார்கள். பல வருடம் கழித்து ஜிட்டர் (டிஜிட்டல் நேரக்கணக்கில் வருகிற சிறு தடுமாற்றம்) என்று ஒன்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள், அதை அளக்கக் கருவியும் வந்தது. காது முதலில் போனது, மீட்டர் பின்னால் நடந்து வந்தது. இந்தக் காந்தத்துக்கும் ஒருநாள் மீட்டர் வரும். என் வீட்டில் இரண்டு மாதமாக இருக்கிறது, கழற்றினால் உப்பில்லாத ரசம் மாதிரி ஆகிவிடுகிறது. வேறென்ன ஆதாரம் வேண்டும்?

காந்த_நடுக்கோடு:

வந்துவிட்டேன், ஃபார்முலாவோடு. திருநெல்வேலிக்காரன், பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். பூமியின் காந்த நடுக்கோடு எங்கள் ஊர்ப் பக்கமாகப் போவதால்தான் இங்கே அதற்கென்றே ஒரு ஆராய்ச்சிக்கூடம் வைத்திருக்கிறார்கள். ஆகவே காந்தம் பற்றிப் பேச எனக்குப் பிறப்புரிமை உண்டு.

அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒயருக்குப் பக்கத்தில் அசையாத காந்தம் அசையாமல் இருந்தால் அந்த ஒயரில் அது எந்த மின்னழுத்தத்தையும் உண்டாக்காது. 1831-இல் ஃபாரடே கண்டுபிடித்ததன் சாரமே அதுதான், காந்தப்புலம் மாற வேண்டும், இல்லையென்றால் கம்பி அசைய வேண்டும். சரி, மின்னோட்டம் போகிற கம்பியைக் காந்தம் தள்ளுமே, ஸ்பீக்கரே அப்படித்தானே வேலை செய்கிறது என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 0.1 டெஸ்லா புலம், 2 செ.மீ. நீளக் கம்பி, 1 ஆம்பியர் ஓட்டம் (8 ஓம் ஸ்பீக்கருக்கு இது 8 வாட், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிற சத்தம்): கிடைக்கிற விசை 0.002 நியூட்டன். கால் கிராம் எடைகூட இல்லை. அதுவும் புலம் கம்பிக்குக் குறுக்கே இருந்தால்தான். உங்களுடையது வளையம், அதன் அச்சு வழியாகக் கம்பி போகிறது, வடதுருவம் ஸ்பீக்கரைப் பார்த்து என்று தாளில் போட்டிருப்பதைப் பார்த்தால் துளைக்குள் புலமும் கம்பி போகிற திசையிலேயே இருக்கிறது. புலமும் ஓட்டமும் ஒரே திசை என்றால் தள்ளுகிற விசை பூஜ்யம். இருக்கிற வழிகளில் மிகக் குறைவாக வேலை செய்கிற வழியாகப் பார்த்து 9,500 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள், அதில் எனக்குக் கொஞ்சம் மரியாதைகூட வருகிறது.

இன்னொன்று. அந்த ஒயர் போய்ச் சேருகிற இடத்தில் ஸ்பீக்கருக்குள் ஏற்கெனவே ஒரு பெரிய காந்தம் இருக்கிறது. வாய்ஸ் காயில் (கூம்பை அசைக்கிற கம்பிச்சுருள்) இருக்கிற இடுக்கில் ஏறத்தாழ 1 டெஸ்லா. பூமியின் காந்தப்புலத்தைப் போல இருபதாயிரம் மடங்குக்கும் மேல். எலக்ட்ரானுக்குக் காந்தத்தால் ஒழுக்கம் வரும் என்றால் அங்கேயே வந்திருக்க வேண்டும்.

சில பேர் இதை ஃபெரைட் கிளாம்ப்போடு குழப்பிக்கொள்கிறார்கள். மானிட்டர் ஒயரில் உருண்டையாக ஒன்று முடிச்சு மாதிரி இருக்குமே, அது. அது நிரந்தரக் காந்தமே இல்லை, ஆணியைக்கூட இழுக்காது. மெகாஹெர்ட்ஸ் கணக்கில் ஒயர் வழியாக ஏறி வருகிற ரேடியோ இரைச்சலை மட்டும் தடுக்கும். பழைய செல்போனை ஆம்ப் பக்கத்தில் வைத்தால் ரிங் வருவதற்கு முன்னால் டிட்டிட் டிட்டிட் என்று ஸ்பீக்கர் கத்தும், நினைவிருக்கிறதா? ஜிஎஸ்எம் போன் நொடிக்கு 217 தடவை விட்டுவிட்டு அலை அனுப்பும், அதைத்தான் ஆம்ப் வாங்கிக் கத்தியது. அந்த மாதிரிக் கோளாறுக்குக் கிளாம்ப் போட்டால் உண்மையிலேயே குறையும். தொப்பி தெளிவாவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

எல்பி_ராத்திரி:

எந்த ஊர், எந்த மொழி ஆடியோ பேச்சாக இருந்தாலும் இந்த அடுக்களை மனைவி வந்துவிடுகிறார் பாருங்கள். ஆயிரம் ரூபாய் ஃபியூஸ் மாற்றினாலும் சரி, பிளக்கைத் திருப்பிச் செருகினாலும் சரி, உள்ளேயிருந்து ஒரு குரல், "இன்னிக்கு நல்லா கேக்குதே". என் வீட்டில் மட்டும்தான் "சத்தத்தைக் குறைங்க" என்று வருகிறது.

விளையாட்டு போகட்டும், அப்பாவுடைய கேசட் டெக் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கேசட் எல்லாம் எங்கே இருக்கிறது? அந்த வளையங்களை ஸ்பீக்கர் பக்கத்துத் தட்டில் கேசட்டோடு சேர்த்து வைத்திருந்தால் முதலில் எழுந்து போய் எடுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம். கேசட் நாடாவில் இருப்பது காந்தப் பதிவு, ஒட்டி வைத்தால் நியோடிமியம் அதை அழித்துவிடும். ஒரு சாண் தள்ளி இருந்தால் பயமில்லை, தூரம் கூடக் கூடக் காந்தத்தின் பலம் மளமளவென்று விழுந்துவிடும்.

சிடியைப் பற்றிக் கவலையில்லை. பாலிகார்பனேட் பிளாஸ்டிக், மேலே அலுமினியப் பூச்சு, லேசர் வெளிச்சத்தில் படிப்பது. காந்தத்துக்கும் அதற்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. ஆனால் சிடியின் காந்தத்தன்மையை நீக்குகிறேன் என்று ஒரு பெட்டி விற்றார்கள், அதையும் ஒருவர் வாங்கினார், வாங்கியது யார் என்று கேட்காதீர்கள். இன்னமும் பீரோ மேலே இருக்கிறது.

டர்ன்டேபிள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மூவிங் காயில் கார்ட்ரிட்ஜில் (முள்ளைத் தாங்குகிற சின்ன டப்பாவில் ஒரு வகை) பலமான காந்தம் இருக்கும். தட்டு இரும்பாக இருந்தால் இழுக்கும், முள்ளின் பாரம் நீங்கள் தராசில் வைத்த அளவைவிடக் கூடிவிடும். காந்தத்தால் சத்தம் மாறுவது அங்கே நிச்சயம். ஆனால் கெட்ட பக்கமாக.

வால்வு_காலத்து_ஆள்:

கொஞ்சம் தாமதமாக வருகிறேன், கண் ஆபரேஷன் ஆகி இரண்டு வாரம் திரையைப் பார்க்கக் கூடாது என்றார்கள். நாற்பது வருடம் ரேடியோ, டேப், ஆம்ப் ரிப்பேர் பார்த்தவன். இங்கே இரண்டு கட்சியும் காந்தத்தைப் பிடித்துக்கொண்டு இழுக்கிறீர்கள். நான் கேட்டவருடைய பதிவை இரண்டு தடவை படித்தேன், அதில் அவர் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போன இரண்டு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அதற்கு வருகிறேன்.

முதலில் காந்தக் கட்சிக்கு நியாயமாக ஒன்று. காந்தத்தால் சத்தம் நன்றாக ஆனதை என் கையாலேயே பார்த்திருக்கிறேன். பழைய ஸ்பீக்கர்களில் அல்னிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்த்த கலப்பு உலோகம்) காந்தம் இருக்கும். 1970-களின் கடைசியில் ஜயரில் (இன்றைய காங்கோ) நடந்த சண்டையில் கோபால்ட் விலை ஏறிப்போனதால் கம்பெனிகள் கொத்தாக ஃபெரைட் காந்தத்துக்கு மாறின, அதற்கு முந்தியவை. அல்னிகோ ஓங்கிய கரண்டிலும் விழுந்த அடியிலும் சக்தி இழக்கும். அப்படி ஓய்ந்துபோன ஸ்பீக்கரில் சத்தம் குறையும், பேஸ் கட்டுப்பாடு இல்லாமல் தளதளக்கும். காந்தமேற்றிக் கொண்டுவந்தால் புது ஆள் மாதிரிப் பாடும். டேப் ஹெட்டும் அப்படித்தான். ஓட ஓட ஹெட்டில் காந்தம் ஏறும், உஸ்ஸென்ற இரைச்சல் கூடும், சலங்கை, ஜால்ரா எல்லாம் மங்கும். அதை எடுக்க டிமேக்னடைசர் என்று ஒரு குச்சி. தள்ளி வைத்து ஆன் செய்து, மெதுவாகக் கிட்டே கொண்டுபோய், ஹெட்டைத் தடவுகிற மாதிரி காட்டி, அதைவிட மெதுவாகப் பின்னால் இழுத்து, ஒரு கை தூரம் வந்த பிறகுதான் ஆஃப் செய்ய வேண்டும். என்னிடம் வேலை கற்றுக்கொண்ட பையன் ஒருவன் ஹெட் மேல் வைத்தே சுவிட்சை அணைத்துவிட்டான், இருந்த காந்தம் போய்ப் புதுக் காந்தம் ஏறிக்கொண்டது. அன்றைக்கு அவன் சாப்பிடவே வரவில்லை.

கெடுதலும் உண்டு. ஸ்பீக்கர் பெட்டிக்குள் கிராஸ்ஓவரில் (கீழ் சுருதியையும் மேல் சுருதியையும் பிரித்து அனுப்புகிற சர்க்யூட்) சில சமயம் இரும்பு உள்ளகம் வைத்த கம்பிச்சுருள் இருக்கும். பலமான காந்தத்தைப் பெட்டியின் அந்த இடத்தில் ஒட்டினால் உள்ளகம் சீக்கிரம் காந்தத்தால் நிறைந்துபோய், ஓங்கிப் பாடும்போது சத்தம் உடையும். ஆகவே தம்பி, பெட்டி மேல் எதையும் ஒட்டாதீர்கள்.

சரி, என் கேள்விக்கு வருகிறேன். குரல் நடுவில் வந்து உட்கார்ந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அதற்கு முன்னால் அது எங்கே இருந்தது?

இரண்டாவது, வளையம் என்கிறீர்கள். வளையத்தை ஒயரில் கோர்க்க வேண்டுமென்றால் ஒயரைக் கழற்றாமல் முடியாது. 11 வருடம் தொடாத ஒயர். வீடு திருவான்மியூரில், கடலிலிருந்து எவ்வளவு தூரம்? கழற்றியபோது கம்பி முனை என்ன நிறத்தில் இருந்தது?

திருவான்மியூர்_ரசிகன்:

ஐயா, படித்ததும் எழுந்து போய்ப் பார்த்தேன். (கேசட்டை நேற்றே வேறு அறைக்கு மாற்றிவிட்டேன், எல்பி_ராத்திரிக்கு நன்றி. பாட்டியின் தாலாட்டு ஒன்று அதில் இருக்கிறது, கைகால் உதறிவிட்டது.)

குரல் முன்னால் எங்கே இருந்தது? யோசித்தால், கொஞ்சம் இடப்பக்கம். ஜன்னல் அந்தப் பக்கம் இருப்பதால் அப்படி என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு பழகிவிட்டேன். பாடுகிறவர் ஜன்னலோரமாக உட்கார்ந்திருப்பதாகவே இத்தனை வருடம் நினைத்திருக்கிறேன் போல.

கடல் அரை கிலோமீட்டர். ஒயரைக் கழற்றியது நான்தான், அண்ணன் டார்ச் பிடித்தார். இடது ஸ்பீக்கர் சுலபமாக வந்தது. வலது பக்கம் சிவப்புத் திருகைச் சுற்றவே வேண்டியிருக்கவில்லை, தொட்டதும் ஒயர் வந்துவிட்டது. முனை கறுப்பு, ஓரத்தில் பச்சை, கோயில் செம்பில் பிடிக்குமே அந்தக் களிம்பு. வளையம் கோர்ப்பதற்காக முனையை விரலால் நன்றாக முறுக்கினேன், துளையில் விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன். இப்போது பார்த்தால் திருகு கடித்த இடம் மட்டும் செம்பாக மின்னுகிறது, மற்ற இடமெல்லாம் கறுப்பு.

அப்படியென்றால்...

வால்வு_காலத்து_ஆள்:

அப்படியென்றால் அப்படித்தான்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஆசிரியர் தம்பி சரிபார்க்கட்டும். தளர்ந்த, களிம்பேறிய இணைப்பில் 1 ஓம் தடை சேர்ந்திருந்தது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 8 ஓம் ஸ்பீக்கரில் அதனால் ஏறத்தாழ 1 டெசிபெல் குறையும். ஒரு பக்கம் மட்டும் 1 டெசிபெல் குறைந்தால் குரல் மற்றப் பக்கம் நகர்ந்துவிடும், அதற்குப் பெரிய காது வேண்டாம். தொப்பி பரவியதற்கும் அதுவே காரணம். ஸ்பீக்கரின் ஓம் எல்லா சுருதிக்கும் ஒன்றில்லை, கூம்பு தன் இயல்பில் அதிர்கிற கீழ் சுருதியில் 30 ஓம் வரைகூட ஏறும், மேலே 6-க்கு இறங்கும். 1 ஓம் தடை குறுக்கே வந்தால் 6 ஓம் இடத்தில் 1.3 டெசிபெல் போகும், 30 ஓம் இடத்தில் 0.3 தான் போகும். ஆகவே அந்தக் கீழ் சுருதி மட்டும் மேடாகத் துருத்தும். போதாததற்குக் கூம்பைச் சட்டென்று நிறுத்துகிற பிடியும் ஆம்புக்குக் குறைந்துவிடும். நீங்கள் 11 வருடமாகக் கேட்ட பொம் அதுதான். அதில் எத்தனை வருடம் என்பது கடற்காற்றுக்குத்தான் வெளிச்சம்.

உங்கள் காதும் பொய் சொல்லவில்லை, உங்கள் வீட்டம்மா காதும் பொய் சொல்லவில்லை. எல்பி_ராத்திரி, மன்னிப்புக் கேளுங்கள்.

எல்பி_ராத்திரி:

அடுக்களையைப் பார்த்து ஒரு கும்பிடு. 

வெண்கல_ஒலி:

ஐயா சொல்வது பொருத்தமாகத்தான் இருக்கிறது, டார்ச் பிடித்தவன் நான், அந்தக் களிம்பை நானும் பார்த்தேன். ஆனால் ஒரு இடத்தில் காரணம் வேறு என்பதால் எல்லா இடத்திலும் அதுதான் என்று ஆகிவிடாது. என் வீட்டில் ஒயர் புதிது. நான் கேட்பது என்ன?

காந்த_நடுக்கோடு:

அண்ணனே இந்த இடத்துக்கு வந்ததால் கேட்கிறேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை செலவழிக்கத் தயாரா? பார்க்காமல் கேட்கிற சோதனை. வளையம் இருக்கிறதா இல்லையா என்று உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியக் கூடாது, பாட்டைப் போடுகிறவருக்கும் தெரியக் கூடாது. ஸ்பீக்கருக்குப் பின்னால் போகிற ஆள் ஒருவர் மட்டும் காசு சுண்டிப் பார்த்து, தலை விழுந்தால் கோர்க்கட்டும், பூ விழுந்தால் கோர்க்காமல் விடட்டும். எப்படியிருந்தாலும் ஒவ்வொரு தடவையும் ஒயரைக் கழற்றி மாட்ட வேண்டும், இல்லையென்றால் மறுபடியும் களிம்பு ஜெயித்துவிடும். வால்யூம் குமிழைத் தொடவே கூடாது. 16 தடவை. குருட்டாம்போக்கில் சொன்னால் 8 சரியாக வரும். 12 அல்லது அதற்கு மேல் சரியாக வந்தால், வெறும் அதிர்ஷ்டத்தில் அப்படி வருவது நூற்றுக்கு நாலு தடவைகூட இல்லை, நானே ஒரு பெட்டி வாங்கிக்கொள்கிறேன். 1982-லேயே டேவிட் கிளார்க் என்பவர் இதற்காக ஒரு சுவிட்ச் பெட்டி செய்து கட்டுரையும் போட்டுவிட்டார், புது யோசனை ஒன்றும் இல்லை.

வால்வு_காலத்து_ஆள்:

அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் 1 ஓம், 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் ஒன்று வாங்கி வலது ஸ்பீக்கரின் சிவப்பு ஒயரில் தொடராக மாட்டி, அதற்கும் தனியாக 16 தடவை கேளுங்கள். வெறும் காந்தத்தை மட்டும் சோதித்து, யாருக்கும் தெரியவில்லை என்று வந்தால், அந்தச் சோதனையில் எதுவுமே தெரியாது என்று அண்ணன் சொல்லுவார், அதில் நியாயமும் இருக்கும். தெரிய வேண்டிய ஒன்று தெரிகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

திருவான்மியூர்_ரசிகன்:

முடித்துவிட்டோம். இட்லி, வடகறி, அப்புறம் சோதனை.

ஒயர் முனையைப் பழையது போகச் சீவி, வாழைப்பழ பிளக் வைத்தேன் (கழற்றி மாட்ட வசதி, வளையத் துளையிலும் நுழைகிறது). ஸ்பீக்கருக்குப் பின்னால் ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டினோம். மகள் பிளஸ் டூ, காசு சுண்டுகிற பொறுப்பு அவளுக்கு, நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள், முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவோம் என்று எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. கேட்டது நானும் அண்ணனும், நடு நாற்காலியில் மாறி மாறி. அதே ரெக்கார்டிங், அதே முதல் இரண்டு நிமிடம். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது.

காந்தம்: எனக்கு 16-க்கு 7 சரி. அண்ணனுக்கு 9.

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஐந்தாவது தடவை எனக்குச் சந்தேகமே இல்லை, தொப்பி அப்படித் துல்லியமாக விழுந்தது, "கோர்த்திருக்கிறது" என்று இரண்டு கோடு போட்டு எழுதினேன். கோர்க்கவில்லை. நோட்டில் அதைப் பார்த்தபோது கொஞ்சம் பயமாகவே இருந்தது.

ரெசிஸ்டர்: எனக்கு 15. அண்ணனுக்கு 16-க்கு 16! முதல் மூன்று தடவைக்குப் பிறகு அவர் இரண்டு நிமிடம் காத்திருக்கவே இல்லை, முதல் அடி விழுந்ததும் கையைக் காட்டிவிடுவார். ரெசிஸ்டர் இருக்கும்போது அம்மா மறுபடி ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிடுகிறார், பழைய பொம்மும் அப்படியே. நடுவில் ஒரு தடவை மனைவி எட்டிப் பார்த்து, "மறுபடி கெட்டுப்போச்சா?" என்றாள். அந்தத் தடவை ரெசிஸ்டர் இருந்தது. அவளை அழைத்து உட்கார வைக்காமல் போனோமே என்று மகளுக்கு வருத்தம்.

காந்த_நடுக்கோடு:

16-க்கு 16. இப்படி ஒரு காதை வைத்துக்கொண்டு பெட்டிக்கு எதற்கு 9,500 ரூபாய் அண்ணா?

வெண்கல_ஒலி:

9 வந்ததை நானே சொல்லியிருப்பேன், தம்பி முந்திக்கொண்டான். இருந்தாலும், திரும்பத் திரும்ப ஒரே இரண்டு நிமிடத்தைக் கேட்டால் காது களைத்துப்போகும், நான் இரண்டு மாதம் நிதானமாகக் கேட்டவன், இது ஒரு நாள் கூத்து என்று சொல்லத்தான் நினைத்தேன். அப்புறம், அதே களைத்த காதுக்குத்தான் ரெசிஸ்டர் தெரிந்தது, அதுவும் கடைசியில் வைத்த சோதனை. அதனால் சொல்லவில்லை.

ராத்திரி வீட்டுக்கு வந்து வளையங்களைக் கழற்றினேன். ஒயர் புதிது என்று எழுதியிருந்தேன், நிஜம்தான், ஆம்ப் பக்கமும் புதிதாக மாட்டியதுதான். ஆனால் ஸ்பீக்கர் பின்பக்கம் மேல் திருகையும் கீழ்த் திருகையும் இணைக்கிற சின்னப் பித்தளைத் தகடு இருக்கிறது, சிவப்புக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று, கம்பெனியில் இருந்து வந்தபடியே. இரண்டு மாதம் முன்னால் வளையம் கோர்க்கும்போது திருகைக் கழற்றியதால் அதையும் கழற்றி மறுபடி மாட்டியிருக்கிறேன். பழைய பக்கம் எப்படி இருந்தது என்று இப்போது சொல்ல வழியில்லை. ஒரு ஸ்பீக்கரில் இரண்டு தகடும் பளிச்சென்று இருக்கிறது. இன்னொன்றில் ஒரு தகடு காபிப்பொடி நிறம்.

வால்வு_காலத்து ஐயாவுக்கு ஒரு கேள்வி. அதை எதால் தேய்ப்பது? உப்புத்தாள் போட்டால் பூச்சு போய்விடுமா?

வால்வு_காலத்து_ஆள்:

உப்புத்தாள் வேண்டாம். தகட்டையே தூக்கிப் போடுங்கள். அந்த இடத்தில் ஒரு விரல் நீளத்துக்கு உங்கள் புது ஒயரிலேயே வெட்டி, இரண்டு முனையும் சீவி, மேலும் கீழும் மாட்டுங்கள். திருகு முகத்தைத் துணியில் கொஞ்சம் ஐசோபிரைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் போதும். வருடத்துக்கு ஒரு தடவை கழற்றி மாட்டுங்கள், ஆயுத பூஜை அன்றைக்கு என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

வளையங்களைப் பெட்டியில் திரும்ப வைக்கும்போது ஒன்றோடொன்று ஒட்டவிட்டு விரலை நடுவில் கொடுத்துவிடாதீர்கள். ரத்தம் கட்டிவிடும்.